மலைபடுகடாத்தில் மலைச்சிற்றூர்: ஓசையும் கையுறையும்

மலைச்சரிவில் அமைந்த சிற்றூர்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தல் அரிது. கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் ஆற்றுவெளி ஊர்களுக்கே உரியன. கோயிலுக்கு நிலம் விட்ட ஊரின் நான்கெல்லையும் கல்லில் நிலைபெற்றன. தினை விதைத்துத் தேன் எடுத்த ஊரின் பெயர்தானும் நிலைபெறவில்லை. இந்நிலையில், பெயர் அறியப்படாத மலைச்சிற்றூர்கள் சிலவற்றுக்குள் நம்மை அழைத்துச் சென்று, அவற்றின் வழி, உணவு, தொழில், இடர் ஆகியவற்றை ஏறத்தாழ 250 அடிகளில் விரித்துரைக்கும் பழம்பாட்டு ஒன்று நம்மிடம் உள்ளது. அதுவே இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். 583 அடிகளால் ஆகிய இப்பாட்டு, பத்துப்பாட்டுள் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நெடுமை உடையது. செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன் இதன் பாட்டுடைத் தலைவன். செங்கண்மா இன்றைய செங்கம் என்பதும், பாட்டில் வரும் சேயாறு சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறே என்பதும் அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. பாட்டின் நவிரமலையைப் பருவதமலை எனக் கொள்வர்.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889-இல் பதிப்பித்தார். அன்று தொட்டு இப்பாட்டு இருவகையாகப் பயிலப்பட்டு வருகிறது. ஒரு சாரார் இதனை இயற்கை எழிலோவியமாகக் கண்டு மகிழ்வர். யாழ்ப்பாணத்து ஜே.வி. செல்லையா பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து 1946-இல் வெளியிட்டபோது அதற்குப் ‘பத்துத் தமிழ் ஐடில்கள்’ எனப் பெயரிட்டார். ஐடில் என்பது மேலைநாட்டார் வழக்கில் நாட்டுப்புற வாழ்வின் அமைதியையும் இனிமையையும் தீட்டிக் காட்டும் சிறுபாட்டு வகை. முதன்முறையாகப் பத்துப்பாட்டு முழுவதையும் பிறமொழியார்க்கு வழங்கிய அப்பெரியாரின் உழைப்பு போற்றற்குரியது. எனினும் அப்பெயர், குறிப்பாக மலைபடுகடாத்திற்கு, பொருந்துவதன்று. அடுத்தடி வைக்குமுன் காலடியை நோக்குக என்று மீண்டும் மீண்டும் எச்சரிக்கும் பாட்டை அமைதிப்பாட்டு என்றல் எங்ஙனம்?

மற்றொரு சாரார் இதனைச் செய்திக் களஞ்சியமாகக் கொள்வர். உணவு, தொழில், விலங்கு, இசைக்கருவி என்று தலைப்பிட்டு அடிகளைப் பிரித்தெடுத்து அட்டவணை ஆக்குவர். பல்கலைக்கழகங்களில் ‘வாழ்வியல்’ என்னும் பெயர் தாங்கி வரும் ஆய்வேடுகள் பெரும்பாலும் இவ்வகையின. தொகுப்பு வேண்டும், அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் பாட்டினின்று பிய்த்தெடுத்த செய்தி, யார் கூறியது, யாருக்குக் கூறியது, எப்பயன் கருதிக் கூறியது என்னும் மூன்றையும் இழந்துவிடுகிறது. அம்மூன்றையும் இழந்தபின் அதனைச் சான்று என்று கொள்ளுதல் கூடுமோ என்பதே எம் ஐயம்.

யார் கூறியது? நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன். யாருக்கு? பரிசில் வேண்டி எதிர்வரும் கூத்தர் குழுவின் தலைவனுக்கு. எப்பயன் கருதி? அவர்கள் உயிருக்கு ஊறின்றி நன்னன் ஊரை அடைதல் கருதி. கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயர் இதனை வெளிப்படையாகவே உணர்த்துகிறது. இருவரும் மலைக்கு அயலார் என்பதையும், இருவரும் இசைவாணர் என்பதையும் நெஞ்சில் இருத்திப் படித்தால் பாட்டின் அமைப்பு வேறொரு வகையாகத் தோன்றும்.

பாட்டு இசைக்கருவிகளின் பட்டியலோடு தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, நெடுவங்கியம், குழல், எல்லரி, பதலை முதலியன கட்டிய பைகளைத் தோளில் சுமந்து வருகின்றனர் கூத்தர். அப்பைகள் பலாமரத்தில் குலைகுலையாய்த் தொங்கும் காய்களுக்கு உவமிக்கப்படுகின்றன. புலவர் இங்கே ஒரு விதையை ஊன்றிச் செல்கிறார். பலாவும் முழவும் பின்னரும் இப்பாட்டில் இணைந்து வரும்; பலாப்பழம் முழவு போன்றது என்று இறுதியில் மாற்றியுரைக்கப்படும். கூத்தரின் கருவி மலையின் கனியாகத் தோன்றுகிறது. மலையின் கனி கூத்தரின் கருவியாகத் தோன்றுகிறது.

மலைவளம் கூறும் பகுதியில் கண்ணுக்குரிய உவமைகள் செறிந்துள்ளன. அவரைப்பூ தயிர்த்துளி சிதறியது போன்றது. அவரைக்காய் அரிவாள் போல் வளைந்தது. விளைந்த தினைக்கதிர், விளையாட்டாகப் பொரும் யானைக்கன்றுகள் பின்னிய துதிக்கையை ஒத்தது. வரகின் பிளவுபட்ட கதிர், அவையில் வாதிடுவோன் விரல் காட்டுவது போன்றது. காற்றில் அசையும் கரும்பு, தோற்றோடும் வேற்படையைப் போன்றது. இவ்வுவமைகளுட் சில மலையில் பிறந்தனவல்ல. தர்க்கம் புரியும் அவையையும் போர்க்களத்தையும் அறிந்து, அவற்றை மலைக்கு ஏற்றிக் காணும் கண் இது. அயலான் கண்ணுக்கு மலை தானறிந்த பொருள்களின் சாயலாகவே தென்படுகிறது. அவ்வியல்பு குறையன்று; ஆயினும் அதனைக் கருதாது, வரகு விளைந்தது, கரும்பு விளைந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.

வழி கூறும் பகுதியில் உவமை பின்னடைகிறது; அறிவுரை முன்வருகிறது. பன்றி புகும் இடுக்கான வழிகளில் கல்லால் ஆகிய அடார்ப்பொறி வைத்திருப்பர். ஆதலின் பொழுது புலர்ந்தபின் செல்க. குழிகளில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். வழியைக் குறித்துக்கொண்டு பார்த்துச் செல்க. யானையை ஓட்டப் பரண்மேல் நின்று கவண்கல் எறிவர். கல் பாயும் ஒலி கேட்டால் மரத்தின் பின்னே மறைக. முதலை வாழும் ஆழ்ந்த நீர்நிலையின் ஓரம் வழுக்கும். கொடியைப் பற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் செல்க. இருள் சூழ்ந்தால் உங்கள் இல்லம் புகுவது போல் மலைக்குகையில் புகுந்து தங்குக. இவற்றுள் அணி இல்லை. இருந்தால் ஆள் விழுந்துவிடுவான். வழிகாட்டும் உரை பயன்பட வேண்டுமாயின் உண்மையாதல் வேண்டும். ஆகவே ஆற்றுப்படை என்னும் வடிவமே இங்குச் செய்திக்கு உறுதி தருகிறது. புகழ்ச்சிப் பாட்டில் மிகை புகுதல் இயல்பு. எனினும் பன்றிப்பொறியைப் பற்றி மிகைபடக் கூறி நன்னனுக்கு ஆவது ஒன்றில்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இவ்விடர்களுட் பல இயற்கை இடர் அல்ல. பொறி, கவண்கல், பரண் எல்லாம் சிற்றூரார் தம் புனத்தைக் காக்கச் செய்தவை. அயலானுக்கு ஆபத்தாகத் தோன்றுவது ஊரானுக்கு வேலி. பன்றியும் யானையும் ஓரிரவில் ஓராண்டு உழைப்பை அழிக்கும் நிலத்தில் வாழ்வோரின் அச்சத்தைப் புலவர் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூத்தன் தன் கூட்டத்தாரை எச்சரிக்கும்போது அது தானே புலனாகிறது.

உணவுப் பகுதியைப் பற்றி விரிவாகக் கூற வேண்டுவதில்லை. அதுவே அட்டவணையாளர்க்கு மிகவும் பழகிய பகுதி. நெய்யில் வெந்த ஊனும் தினைச்சோறும், மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும், உடும்பு, கடமான், பன்றி ஆகியவற்றின் இறைச்சியும், புளியும் மாவும் மோரும் கலந்த உலையில் மூங்கிலரிசி இட்டு ஆக்கிய சோறும் கூறப்படுகின்றன. ஒன்றை மட்டும் சுட்டுதல் வேண்டும். மூங்கிலரிசியை மலைவாழ்நரின் அன்றாட உணவாகக் குறிக்கும் ஆய்வேடுகளைக் கண்டுள்ளோம். பெருமூங்கில் பல பதிற்றாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துக் காய்த்துப் பின் பட்டுப்போகும் இயல்புடையது. இடையிடையே சில புதர்கள் பூப்பதும் உண்டு. ஆதலின் மூங்கிலரிசி கிடைத்தபோது உண்ணும் பொருளேயன்றி, ஆண்டுதோறும் அறுக்கும் விளைவன்று. அயலூர்க் கூத்தர்க்கு அதனை ஆக்கியிடுதல் விருந்தின் அருமையைக் காட்டுவதாகலாம்; அவ்வாண்டு மூங்கில் பூத்த ஆண்டு என்பதைக் காட்டுவதுமாகலாம். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளின் இயல்பை ஆராயாது விடுவதால் நேரும் இடர் இது.

விருந்தின் முறையோ நெஞ்சை நெகிழ்விப்பது. முன்பின் அறியாத கூத்தரை, ‘நன்னனிடம் செல்கிறோம்’ என்ற ஒரு சொல் கேட்ட அளவில், மனைதோறும் பெற்ற மக்களைத் தடுத்து நிறுத்துவது போல் தடுத்து நிறுத்தி உண்பிக்கின்றனர். அரசன் பெயர் அங்கே வாயிற்கதவைத் திறக்கும் திறவுகோலாக அமைகிறது. அவ்வாறாயின் அது அன்போ, கடமையோ? பாட்டு இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. புகழ்ச்சிப் பாட்டில் பிரித்துக் காட்டுதலும் எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆயினும் வழி தவறிய கூத்தர் தம் கருவிகளை இசைத்தால், அவ்வோசை கேட்ட கானவர் விரைந்து வந்து, உண்ணக் கனியும் சூடப் பூவும் தந்து, இடர்மிக்க வழியில் தாம் முன்னே நடந்து காட்டுவர் என்னுமிடத்தில் நன்னன் பெயர் தேவைப்படவில்லை, இசை போதுமானதாகிறது.

இனிப் பாட்டின் இதயமாகிய ஓசைப் பகுதிக்கு வருவோம். மலையை யானையாகவும், அதன்கண் எழும் ஓசையை யானையின் மதநீராகவும் உருவகித்தமையால் இப்பாட்டிற்கு மலைபடுகடாம் என்னும் பெயர் வந்தது என்பது நச்சினார்க்கினியர் விளக்கம். இவ்விளக்கத்தை அனைவரும் எடுத்துரைப்பர். அதன் பொருளை நுனித்து நோக்கியவர் சிலரே. கூத்தர் கடந்து செல்லும் மலையில் பதினைந்துக்கும் மேற்பட்ட ஓசைகள் அடுத்தடுத்து எழுகின்றன. அவற்றுள் முன்னதாக வைக்கப்பட்டது அருவியில் அரமகளிர் நீராடும் ஓசை. அது எதைப் போன்றது? ‘உங்கள் இசைக்கருவிகளைப் போன்றது’ என்கிறான் கூத்தன். பாட்டின் தொடக்கத்தில் பையிலிட்டுக் கட்டிய கருவிகள் இங்கே அவிழ்கின்றன. இசைவாணன் மலையைக் கண்ணால் அளப்பதை விட்டுச் செவியால் கேட்கத் தொடங்குகிறான். உவமைகளும் இப்பகுதியில் குறைந்துவிடுகின்றன. ஓசை தானாகவே நிற்கிறது.

அங்குக் கேட்பன யாவை? முள்ளம்பன்றியால் ஊறுபட்டுத் தளர்ந்த கானவரின் அழுகை. புலி பாய்ந்த கணவன் மார்பிலுள்ள புண் ஆறுதற்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு. முதன்முதல் பூத்த வேங்கைப் பூவைக் கொய்யும் மகளிரின் ஆரவாரம். பிடியானையும் களிறும் கன்றைப் புலியினின்று காக்க எழுப்பும் முழக்கம். பிடி நழுவி மலைப்பிளவில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி சுற்றத்தோடு கூடி அரற்றும் ஓலம். குரங்கும் ஏறமாட்டாத நெடுவரையில் மால்பு என்னும் கண்ணேணி வைத்துத் தேன் கொண்டோரின் ஆர்ப்பு. மான்தோற்பறை ஒலிக்கக் குறவர் பெண்டிரொடு ஆடும் குரவை. கல்லில் தேர் உருண்டாற்போன்ற ஆற்றொலி. யானையைப் பழக்கும் பாகர் பல மொழி கலந்து பேசும் பேச்சு. தட்டையைப் புடைத்துக் கிளி ஓட்டும் மகளிரின் கூவல். காளைகள் பொருவதைக் கண்ட கோவலரும் குறவரும் செய்யும் ஆரவாரம். பலாச்சுளையைக் கன்றுகளை விட்டு மிதிப்பித்துக் கொட்டை எடுக்கும் சிறுவரின் ஒலி. கரும்பாலையின் ஒலி. தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு. சேம்பும் மஞ்சளும் காப்போர் கொட்டும் பன்றிப்பறை. இவையனைத்தும் மலையில் மோதி எழும் எதிரொலி.

இப்பட்டியலில் உயர்வு தாழ்வு இல்லை என்பதே யாம் வற்புறுத்த விரும்புவது. துயரும் மகிழ்வும், மனிதரும் விலங்கும், தொழிலும் ஆடலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. குட்டியை இழந்த மந்தியின் ஓலத்திற்கும், வேங்கைப்பூக் கொய்வோர் ஆரவாரத்திற்கும், கிளி ஓட்டுவோர் கூவலுக்கும் பூசல் என்ற ஒரே சொல்லையே புலவர் ஆள்கிறார். சொல் வறுமையால் நேர்ந்தது என்று இதனைக் கூறவியலாது; ஓதை, பாடல், பாட்டு, அழுகை எனப் பல சொற்களை வேறிடங்களில் வேண்டியாங்கு வழங்கியவர் அவர். தொலைவில் நின்று கேட்போனுக்கு மலையின் ஓலம் எவ்வுயிரினது, எவ்வுணர்வினது என்று முதலில் தெரிவதில்லை. கேட்கிறது, பின்னரே பிரிகிறது. செவிப்புலனின் அவ்வியல்பைச் சொல்லாட்சி காத்து நிற்கிறது.

கானவர் அழுகையைச் சற்று நின்று நோக்குவோம். சங்கப்பாட்டில் புண்பட்ட ஆடவர் அழுவதில்லை. விழுப்புண் அவர்க்கு அணி. களத்தில் வீழ்ந்த மகனை எண்ணித் தாய் கண்ணீர் உகுப்பினும் அது பெருமிதக் கண்ணீராகும். ஈண்டோ ஆடவர் முள்ளம்பன்றியால் ஊறுபட்டு அழுகின்றனர்; புலவர் அதனை இழித்துரைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. அடுத்து வரும் கொடிச்சியர் பாட்டும் இத்தகையதே. போரில் புண்பட்டோன் இல்லத்தில் ஐயவி சிதறிக் காஞ்சி பாடிக் காக்கும் வழக்கம் புறநானூற்றின் 281-ஆம் பாட்டால் நாம் அறிந்தது. அதே காப்பு இங்கே மலைமனையில் நிகழ்கிறது. ஆனால் புண் செய்தது பகைவன் வாள் அன்று, புலியின் நகம். அப்புண்ணால் அரசனுக்கு வெற்றி இல்லை. புண்பட்டோனுக்குப் புகழும் இல்லை. கணவன் பிழைத்தெழுதல் ஒன்றே அப்பெண் வேண்டுவது. வீரயுகப் பாட்டு என்று வகைப்படுத்தி இவ்விலக்கியத்தை முழுமையாக அளந்துவிட்டதாகக் கருதுவோர் இவ்விரண்டு ஓசைகளையும் எங்கே வைப்பர் என்று கேட்கத் தோன்றுகிறது.

பத்துப்பாட்டிலுள்ள மற்றொரு மலைப்பாட்டாகிய குறிஞ்சிப்பாட்டை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கபிலர் பாடிய அப்பாட்டில் மலைநாட்டுத் தோழியே பேசுகிறாள். 99 மலர்களின் பெயர்களை அடுக்குகிறாள். மலையினர் வாய் திறந்து பேசும் பாட்டு அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவள் பேசும் பொருள் அகத்திணை மரபு வகுத்த பொருள். சிற்றூர் அங்கே களவுக்குப் பின்புலமாகி நிற்கிறது. மலைபடுகடாத்தில் தலைவனும் தலைவியும் இல்லை. ஒருவரும் நம்மிடம் நேரே பேசுவதும் இல்லை. ஆனால் ஊர் முழுதும் ஒலிக்கிறது. கலைநயத்தில் குறிஞ்சிப்பாட்டு மேம்பட்டது என்பார் கூற்றை யாம் மறுப்பதற்கில்லை. மலையூரை மலையூராகவே அறிய விழைவார்க்கு மலைபடுகடாமே உற்ற துணை.

இங்கு ஒரு தடை எழலாம். சவ்வாது மலையில் இன்றும் சிற்றூர்கள் உள்ளன. சாமையும் புளியும் பலாவும் தேனும் உள்ளன. ஆதலின் அவ்வூர்களுக்குச் சென்று பாட்டின் கானவரை நேரில் காணலாமே என்பர் சிலர். இவ்வெண்ணம் கவர்ச்சியானது, கவர்ச்சியானது என்பதனாலேயே விழிப்புடன் அணுகத்தக்கது. இன்று அம்மலையில் பெரும்பான்மையராக வாழும் மலையாளிகள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்னும் கதையைத் தம் மரபாகக் கொண்டவர். அக்கதையை அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் வேண்டா. ஆயினும் தாம் யார் என்பதைப் பற்றி ஒரு மக்கள் கூறிக்கொள்வதைப் புறந்தள்ளி, ‘இல்லை, நீங்களே நன்னன் காலக் கானவர்’ என்று அவர்கள்மேல் ஒரு பழம்பாட்டைப் போர்த்துதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒன்றும் மாறவில்லை என்னும் கற்பனை, மலைமக்களுக்கு வரலாறே இல்லை என்னும் கற்பனையின் மறுவடிவமேயாகும்.

வேறொரு வகையில் அம்மலைச் சிற்றூர்கள் நமக்கு ஆசிரியராதல் கூடும். அடார், மால்பு, தட்டை, கழுது முதலிய சொற்களுக்கு உரைகளிலும் அகராதிகளிலும் ஓரிரு சொல்லில் பொருள் காண்கிறோம். பொறி எவ்வாறு இயங்கும், ஏணியை எவ்வாறு கட்டுவர், தட்டையை எம்மரத்தால் செய்வர் என்பன ஓரிரு சொல்லில் அடங்குவன அல்ல. புனம் காப்போரும் தேன் எடுப்போரும் இன்றும் உள்ள எந்த மலையாயினும், அவர் கருவியையும் செயலையும் சொல்லையும் பதிவு செய்தால் பாட்டின் அடிகள் பல தெளிவுறும். முதலில் அவர்கள் தம் வாழ்வுக்காகவே பதிவு பெறத் தக்கவர்கள். பாட்டின் உரைக்குப் பயன்படுதல் இரண்டாவது. இவ்வரிசையை மாற்றிக்கொண்டு மலையேறும் மாணாக்கர், வினாப்பட்டியலில் சங்கச் சொற்களை நிரப்பிக்கொண்டு, ஆம் என்னும் விடையை மட்டும் பெற்றுத் திரும்புவர்.

மீண்டும் பாட்டுக்கு வருவோம். கூத்தர் மலையைக் கடந்து, முல்லைநிலத்துக் கோவலரிடம் பால் உண்டு, உழவரிடம் விருந்துண்டு, சேயாற்றின் கரை வழியே நன்னனின் மூதூரை அடைகின்றனர். அரண்மனை வாயிலில் ஒரு காட்சி. பாட்டின் மூன்றாம் பெரும்பட்டியல் இங்கே வருகிறது. ஆமான் கன்று, யானைக்கன்று, கரடிக்குட்டி, வருடைத் தகர், கீரி, மயில், காட்டுக்கோழி, முழவு போன்ற பலாப்பழம், மாம்பழம், கிழங்கு வகைகள், யானைக்கோடு, சந்தனம், பச்சை மிளகு, மூங்கிலில் முதிர்ந்த தேறல், தயிர், தேனிறால் எல்லாம் முற்றம் நிறையக் குவிந்துள்ளன. மேற்குமலையில் பிறந்த காவிரி கடலொடு கலக்கும் முகத்துவாரம் போல் அது விளங்குகிறது என்பார் புலவர்.

கருவிகளின் பட்டியல், ஓசைகளின் பட்டியல், கையுறைகளின் பட்டியல் என்னும் மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கியவர் அரியர். அவ்வாறு நோக்கின், மலையில் ஓசையாக இருந்தவையே வாயிலில் பொருளாக வந்து கிடப்பது தெரியும். தேன் எடுத்தோரின் ஆர்ப்பு அங்கே கேட்டது. தேனிறால் இங்கே கிடக்கிறது. கன்றைக் காக்க முழங்கிய யானைகளை அங்கே கேட்டோம். கன்று இங்கே நிற்கிறது. சிறுவர் கன்றுகளைக் கொண்டு மிதிப்பித்த பலா அங்கே ஒலித்தது, இங்கே முழவு போல் உருண்டு கிடக்கிறது, ஆனால் ஒலிக்கவில்லை. கரடிக்குட்டியின் இனத்தைக் குறிக்கும்போது ஊமை என்னும் அடைமொழியைப் புலவர் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஓசையால் நிறைந்த பாட்டில் ஊமை என்னும் சொல் வாயிற்புறத்தில் வந்து அமைவதைக் கண்டும் காணாதது போல் கடந்து செல்ல எம்மால் இயலவில்லை.

இவ்விரண்டு பட்டியல்களையும் பிணைக்கும் கொளுவி ஓசைப் பகுதியிலேயே உள்ளது. அரண்களை எறிந்து பொருள் கொண்ட கானவர், இது நம் வேந்தனுக்குப் புதிய இறையாகத் தக்கது என்று மகிழ்கின்றனர். இறை என்னும் அச்சொல், குரவை ஒலிக்கும் வரிசையின் நடுவே, ஆரவாரமின்றி வந்து செல்கிறது. மலைமேல் நிகழும் கொண்டாட்டம் கீழ்நோக்கி ஒழுகுவதன் தொடக்கம் அங்கேயே காட்டப்படுகிறது. காவிரி உவமை அவ்வொழுக்கின் முடிவு.

புலவர் நன்னனைக் குறைகூறினார் என்று யாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு கொள்ளுதல் இக்கால எண்ணத்தைப் பழம்பாட்டில் திணிப்பதாகும். வாயிலில் பொருள் குவிதல் நன்னன் பெருமைக்கே கூறப்பட்டது. கூத்தர்க்கு அவன் வரையாது வழங்குவான் என்பதற்கு அதுவே உறுதி. மலையினின்று வந்த பொருளே கூத்தர் கைக்குப் பரிசிலாகச் செல்லும். தமக்கு வழிகாட்டிய கானவரின் உழைப்பையே அவர்கள் நன்னன் கையால் பெறுகின்றனர் எனலாம். ஆயினும் புகழ்பாட வந்த புலவர், மலையைச் செவியால் கேட்ட நேர்மையினால், புகழுக்கு வேண்டாதவற்றையும் பதிந்து வைத்துவிட்டார். முள்ளம்பன்றியால் அழுத கானவர் நன்னன் புகழுக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. அவ்வழுகை பாட்டில் நிற்பதே பாட்டின் பெருமை.

எனினும் ஒரு பெருங்குறை உண்டு. அதனை மறைத்தல் திறனாய்வுக்கு நேர்மையாகாது. இத்தனை சிற்றூர்களில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. இத்தனை கானவருள் ஒருவர்க்கும் பெயர் இல்லை. நன்னன் பெயர் உண்டு, நவிரமலை உண்டு, சேயாறு உண்டு. உணவளித்த மனையோள் பெயரின்றி நிற்கிறாள். பெயரை எழுதி வைக்கும் வழக்கம் அந்நாட்டில் இல்லாதிருந்தது என்று இதற்கு அமைதி கூறவியலாது. மலையைக் கடந்தபின் கூத்தர் செல்லும் வழியில், புறமுதுகிடாது மாண்ட மறவரின் பெயர் எழுதி நட்ட கற்கள் பல உள்ளன என்று பாட்டே கூறுகிறது. அக்கற்களை யாழிசைத்து வழிபட்டுச் செல்க என்றும் கூத்தன் கூறுகிறான். பெயர் போருக்கு உரியதாயிற்று, உழைப்புக்கு உரியதாகவில்லை.

அந்நாட்டு நடுகற்களோ புலவர் காலத்தோடு நின்றுவிடவில்லை. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த கற்களின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. அவற்றுட் பல பல்லவர் காலத்தன. மலைபடுகடாத்திற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டன. பெரும்பாலானவை கால்நடை கவர்தலிலும் மீட்டலிலும் ஊர்ப்பூசலிலும் பட்டாரைக் குறிப்பன. பேரரசர் ஆட்சியாண்டு முதல் வரியில் வந்தாலும், அடுத்து வருவோர் சிற்றூர் மாந்தரே. பாட்டு பெயர் சொல்லாது விட்ட எளியோரின் பெயரைக் கரடுமுரடான கல் சொல்கிறது. எடுத்தனூரில் உள்ள ஒரு கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்துப் பட்ட வீரன் அதில் பொறிக்கப்பட்டுள்ளான். அவனருகே ஒரு நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்து, வீழ்ந்த தலைவனை விட்டகலாது நின்ற அந்நாய்க்குத் தனியே ஓர் எழுத்துப்பொறிப்பு உண்டு. அதன் பெயர் கோவிவன்.